இடம்: கழுகுமொட்டை

மூன்று கால் சத்தம். தடி, நல்ல கால், கெட்ட கால். தடி, நல்ல கால், கெட்ட கால். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவன் தங்கையா. சத்தம் மட்டும் பின்னால் வருகிற பெரியநாயகத்தின் மண்டைக்குள் நடக்கிறது. எட்டி வைத்து முன்னால் போய்விடலாம், எழுபத்து நாலு வயதிலும் முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. ஆனால் முன்னால் போனால் அந்த ஆள் விழுந்தால் தெரியாது, பின்னால் வந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டாக வேண்டும். கேள், நன்றாகக் கேள், அந்தக் கெட்ட காலை யார் கொடுத்தது என்று கேள். ச்சே. பனி விலகவில்லை. புல் நனைந்து கால்சட்டை முழங்கால் வரைக்கும் ஈரம். சொல்லிவிடலாம். இந்த வளைவு தாண்டினதும் சொல்லிவிடலாம். வளைவு தாண்டியது. அடுத்த வளைவில் ஒரு பாறை உண்டு, அங்கே உட்கார வைத்துச் சொல்லலாம், கேட்டதும் ஆள் சாய்ந்தால் சாய்வதற்கு ஏதாவது வேண்டாமா, நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட், சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. என்னவென்று சொல்வது. தங்கையா, இந்த மலையில் அந்தச் செடி இல்லை. அதைச் சொல்ல வாய் கூசாது, எத்தனையோ பேர் சொன்னதுதான். தங்கையா, இந்த மலையில் அந்தச் செடி என்றைக்குமே இருந்ததில்லை. அங்கேதான் இடறுகிறது. 'என்றைக்குமே' என்கிற அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, சோற்று உருண்டையை முழுங்கினாலும் இறங்காத முள், நாற்பத்தேழு வருசத்து முள்.

ஒரு தும்பை. அவ்வளவுதான் சமாச்சாரம். ஊரில் வேலியோரம் கிடக்கிற தும்பைக்கு மலையில் வாழ்க்கைப்பட்ட அக்காள் தங்கைகள் ஏழெட்டுப் பேர் உண்டு, அதில் ஒருத்தி இவள். துளசி, புதினா எல்லாம் சேர்ந்த குடும்பம், தண்டை விரலுக்கு நடுவில் உருட்டினால் நாலு விளிம்பும் தட்டும். இலையில் வெள்ளைப் பஞ்சு. பூவும் வெள்ளை, மேல் உதடு குல்லாய் போட்ட மாதிரி. பூவைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, பூவுக்கு அடியில் இருக்கிற புல்லிக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். மலையில் மற்றத் தும்பைகளுக்குக் கிண்ணத்தின் வாய் நேராக இருக்கும். இவளுக்கு வாய் சாய்ந்திருக்கும், விளிம்பில் பத்துப் பல், அதில் இரண்டு மட்டும் கொம்பு மாதிரி நீண்டு. உலகத்தில் வேறு எதற்கும் இல்லாத வாய். கண்டுபிடித்தவர் பெரியநாயகம், பெயர் வைத்தவர் பெரியநாயகம், காய வைத்து ஏழு தாளில் ஒட்டி ஏழு ஊர்ச் செடிக் காப்பகத்துக்கு அனுப்பியவர் பெரியநாயகம். ஏழு தாளிலும் ஒரே சீட்டு. தேதி, உயரம், சேகரித்தவர். இடம்: கழுகுமொட்டை. தட்டச்சில் அந்தக் 'க' கொஞ்சம் மேலே தூக்கி விழுந்திருக்கும். அதன் பிறகு கழுகுமொட்டையில் ஏறாத ஆள் இல்லை, பெங்களூரிலிருந்து வந்தார்கள், கல்கத்தாவிலிருந்து வந்தார்கள், ஒரு வெள்ளைக்காரி கூட வந்து பதினெட்டு நாள் கூடாரம் போட்டாள். ஒரு இலை கிடைக்கவில்லை. எல்லாரும் ஒரு வருசம், இரண்டு வருசம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தங்கையா மட்டும் போகவில்லை. வருசா வருசம் ஐப்பசி மழை விட்டதும் போன் வரும். "என்ன வே, தும்பை பூத்திருக்கும், கெளம்புவோமா?"

"என்ன வே, பேச்சையே காணும்? மூச்சு வாங்குதோ?" என்றான் தங்கையா, திரும்பாமல். "உனக்கு வாங்கலையா?" "எனக்கென்ன, உள்ள ரெண்டு கம்பிச் சுருளு கெடக்கு, அது பாட்டுக்கு இழுத்துட்டுப் போவுது." சிரிப்பு. அந்தச் சிரிப்பில் இருமல். பெரியநாயகம் நின்றார். இருமல் நின்றதும் நடந்தார். இப்போது சொன்னால் அந்தக் கம்பிச் சுருள் என்ன செய்யும். டாக்டர் என்ன சொன்னார், அதிர்ச்சி கூடாது, படி ஏறக் கூடாது. படி ஏறக் கூடாத ஆள் மலை ஏறுகிறான். அவன் பெண்டாட்டி ஜெயசீலி பஸ் ஸ்டாண்டில் வந்து, அண்ணாச்சி, நீங்க கூடப் போறதாலதான் விடுதேன் என்றாள். நீங்கள் கூடப் போவதால். நன்றாக நம்பினாய் தாயே. கீழே டீக்கடை வெள்ளத்தாயி மட்டும்தான் சரியாகக் கேட்டாள். "இந்த வருசமும் வந்துட்டீகளா ரெண்டு வாத்தியாரும்? தும்பை ஊருக்குள்ள சாக்கடையோரம் கெடக்குதே, ஆடு கூடத் திங்க மாட்டேங்குது, அதுக்கு இந்த ஏத்தம் ஏறணுமா?" தங்கையா டீயை உறிஞ்சிக்கொண்டே, "அது ஏழைத் தும்பை ஆத்தா. நாங்க தேடுதது பணக்காரத் தும்பை. நம்ம கண்ணுல படாது" என்றான். "கண்ணுல படாதுன்னு தெரியுதுல்ல, பெறகு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குக் கிளாஸ் கழுவப் போய்விட்டாள். பெறகு எதுக்கு. பெரியநாயகத்தின் பிடரியில் அப்போது வியர்த்தது. அந்தக் குளிரில்.

பாறை வந்தது. தங்கையா உட்கார்ந்தான், கெட்ட காலை நீட்டி வைத்துத் தொடையைப் பிசைந்தான். சொல், இப்போது சொல். அவன் முந்திக்கொண்டான். "திங்கக்கிழமை அனுப்பியாவணும் வே. அந்த அழிஞ்ச செடிப் பட்டியல் பாரத்துல ஒரு கட்டம். அழிஞ்சுபோச்சுன்னு அதுல டிக் அடிச்சு, அடியில எங் கையெழுத்து. ஒலகம் பூரா பட்டியல்ல ஏறிரும். பொறவு ஒரு பய தேட மாட்டான். ஒரு உசுரை எழுதிக் கொல்லுத மாதிரி இருக்குவே. இன்னைக்குச் சனி, நாளைக்கும் ஏறுவோம். ரெண்டு நாளு. கெடைக்கலன்னா கையெழுத்தப் போட்டுட்டுப் போறேன்." "உனக்கெதுக்கு அந்த வேலை" என்றார் பெரியநாயகம். "வேற எவன் இருக்கான்? இந்த மலையில எம்மாதிரி செருப்புத் தேஞ்சவன் எவன்? கண்டுபிடிச்ச நீரே பத்து வருசம் கழிச்சுத் தேடுதத விட்டுட்டீரு, இப்பம் எனக்குத் துணைக்குத்தான் வாரீரு." விட்டுவிட்டேன். ஆமாம். முதல் இரண்டு வருசம் நிசமாகவே தேடினேன், அது உனக்குத் தெரியாது தங்கையா, நீ நினைக்கிறதை விட வெறியாகத் தேடினேன். சுற்றிப் போனால் பதினோரு கிலோமீட்டர்தானே, நடுவில் ஒரு பள்ளத்தாக்குதானே, அங்கே இருக்கிற செடி இங்கே இருக்காதா, ஒரே மண், ஒரே மழை, ஒரே காற்று, ஒன்று, ஒரே ஒன்று இந்த மலையில் ஆம்பிட்டால் சீட்டில் எழுதினது உண்மையாகிவிடும், தேதி மட்டும்தான் பொய்யாக இருக்கும், தேதிப் பொய் ஒரு பொய்யா. ஆம்பிடவில்லை. மலைக்கு வெட்கம் இல்லை, பொய்யை மெய்யாக்கித் தர அதற்கு என்ன தலையெழுத்து.

பனிக்குள் எங்கேயோ எஞ்சின் சத்தம். இல்லை, வண்டு. இல்லை, எஞ்சின்தான், எதிர் மலையில். காலையில் பஸ்ஸில் வரும்போது அந்த எதிர் மலைக்கு, தூவானமேட்டுக்கு, ஏறுகிற பிரிவில் ஒரு லாரி திணறிக்கொண்டு திரும்பியது, முதுகில் மஞ்சள் ஜேசிபி, தும்பிக்கையை மடக்கிக்கொண்டு. கண்டக்டர் சொன்னான், "மேட்டுல ரிசார்ட் வருதுங்க. ஓடையோரமா ரோடு. திங்கக்கிழமை பூசை." ஓடையோரமா. பக்கத்து சீட்டில் தங்கையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம் மேட்டுச் செடிப் புஸ்தகத்த வச்சுத்தாம்வே அனுமதியே குடுத்தானுவ. தூவானமேட்டுல அரிய செடி ஏதும் உண்டான்னு கேட்டிருக்கானுவ. நானூத்திப் பன்னெண்டு செடி, ஒண்ணுகூட அரியது கெடையாது, தங்கையா எழுதி வச்சிருக்காம்ல! எம் மலையில நான் பாக்காத செடின்னு ஒண்ணு கெடையாது" என்றான். ரிசார்ட் வருவது அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் புத்தகத்தை ஆள் பார்த்தான் என்பது பிடித்திருந்தது. பெரியநாயகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உன் மலை. உன் மலைதான்.

உன் மலை, என் மலை. அந்தப் பங்கு பிரித்தது பேராசிரியர் ஃபாதர் குருஸ்தான். திருச்சியில் ஆய்வு அறைச் சுவரில் ஒரு வரைபடம், கையில் சிவப்புப் பென்சில், மாணவன் ஒருவனுக்கு ஒரு மலை. கோடு போட்டுக் கொடுத்து விடுவார், அந்தக் கோட்டுக்குள் நீ ராஜா, அடுத்தவன் கோட்டுக்குள் ஒரு புல் பிடுங்கினால் அன்றைக்கே மூட்டை கட்டு. சும்மா சொல்லவில்லை, அப்படி ஒருத்தனை மூட்டை கட்ட வைத்தார், அவன் அழுதுகொண்டே மாடிப்படியில் இறங்கினது இப்போதும் கண்ணில் நிற்கிறது, ட்ரங்குப் பெட்டி படிக்குப் படி இடித்த சத்தம். பெரியநாயகத்துக்குக் கழுகுமொட்டை. மொட்டைதான், பெயருக்கு ஏற்ற மொட்டை, இரண்டு வருசத்தில் ஒரு புதுச் செடி இல்லை. தங்கையாவுக்குத் தூவானமேடு. ஓடை, சோலை, ஈரம். அந்த ஐப்பசியில் தங்கையாவின் அப்பா இறந்துபோனார். தந்தி வந்த கையோடு ஓடினான், ஓடும்போது திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, வே, மேட்டுல எம் முகாம்ல செடி காயப் போடுத பிரஸ்ஸுக்குள்ள நூறு செடி கெடக்கு, தெனம் பேப்பர் மாத்தலன்னா பூசணம் பூத்துரும், மூணு வருச ஒழைப்பு, நீரு போயி மாத்திப் போடுவீரா என்றான். கண் சிவந்திருந்தது. போனேன். தினமும் பழைய செய்தித்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளை வைத்தேன், ஒரு இலை கெடாமல் காப்பாற்றினேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள், சித்திரகுப்தன் இருந்தால் எழுதிக்கொள். ஆறாம் நாள் தண்ணீர் எடுக்க ஓடைக்கு மேலே ஏறினேன். வழுக்குப்பாறைக்குப் பின்னால், ஒரு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற மறைவில், வெள்ளையாக. இருபது செடி இருக்கும். குனிந்தேன். கிண்ணத்தைத் திருப்பினேன். சாய்ந்த வாய். இரண்டு கொம்பு. அந்த நிமிசம் காது அடைத்துப் போனது, ஓடைச் சத்தமே நின்றுவிட்டது. கை தானாகப் பிடுங்கியது. வேரோடு ஏழு. தங்கையாவின் பிரஸ்ஸிலேயே, தங்கையாவின் செய்தித்தாளுக்குள்ளேயே வைத்து இறுக்கிக் கட்டினேன். அவன் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் அன்றைக்குச் செடி காய்ந்துவிட்டது.

"எழும்பும் வே, வெயில் வருது" என்றான் தங்கையா. எழுந்தார். பாறை போய்விட்டது. மறுபடி தடி, நல்ல கால், கெட்ட கால். அவனிடம் கொடுத்திருக்கலாம். வந்ததும் கையில் வைத்து, இந்தா, உன் மலையில் இது கிடந்தது என்று கொடுத்திருந்தால் அவன் அழுதிருப்பான், கட்டிப்பிடித்திருப்பான், தாளில் இருவர் பெயரும் போட்டிருப்பான், அந்தக் கிறுக்கன் அப்படித்தான் செய்திருப்பான். கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை. ஏன் என்று நாற்பத்தேழு வருசமாகக் கேட்கிற கேள்விக்கு ஒவ்வொரு வருசமும் ஒரு பதில், வேலை வேண்டியிருந்தது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ஃபாதர் குருஸ் துரத்தியிருப்பார். எல்லாம் உண்மை, ஒன்றும் பதில் இல்லை. வேண்டும் என்றிருந்தது. அதுதான். எனக்கு வேண்டும் என்றிருந்தது. சீட்டு அடிக்கும்போது விரல் 'த' மேலே போய் நின்றது, அப்புறம் 'க'வை அடித்தது. அவ்வளவு லேசு. அதற்கப்புறம் வேலை, கல்யாணம், மாலை, கைதட்டல், முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும் விட உரக்கத் தட்டினவன் தங்கையா. தொண்ணூற்றொன்றில் இங்கே இதே சரிவில் அவன் உருண்டான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. தூக்கிக்கொண்டு இறங்கின நாலு பேரில் ஒருவர் பெரியநாயகம், தலைமாட்டுப் பக்கம். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வலியில் அவன் கடித்த துண்டு பெரியநாயகத்துடையது. வே, அந்த ரெட்டைப் பாறைக்கு அங்கிட்டு நான் பாக்கல, ஒருவேளை அங்கன இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், நீர் பாரும் என்று சொல்கிறான், எலும்பு வெளியே தெரிகிறது, செடியைப் பாரும் என்கிறான். பெரியநாயகம் பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன்! வாயில் மண்ணை அள்ளிப் போட.

நெற்றியில் வெயில் பட்டது. பனி ஒரு முழம் விலகி மறுபடி மூடிக்கொண்டது. எஞ்சின் சத்தம் இப்போது நிச்சயமாக எதிர் மலையில். ஓடையோரமா ரோடு. ஓடையோரமாகப் போகிற ரோடு வழுக்குப்பாறையை என்ன செய்யும், வெடி வைக்கும். நாலு தடவை போய்ப் பார்த்திருக்கிறார், ஒருத்தருக்கும் தெரியாமல், சின்ன வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. கடைசியாக ஆறு வருசத்துக்கு முன்னால். பதினோரு செடி. இப்போது இருக்கிறதா தெரியாது. இல்லாமல் இருந்தால்? பாறைக்குப் பின்னால் வெறும் ஈரம் மட்டும் இருந்தால்? அப்போது சொல்லி என்ன லாபம், கிழவனின் நெஞ்சு உடைவதுதான் மிச்சம். அப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. ஒரு நொடி. செடி செத்துப்போயிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். அதுவரைக்கும் வந்துவிட்டாய். முன்னால் தடி நின்றுவிட்டது. நிமிர்ந்தால் பாதையில் தங்கையா இல்லை. இடதுபுறம் ஒரு மேட்டுப் பாறை, அதன் மேல் அவன் தடியைக் கீழே போட்டுவிட்டு நாலு காலில் ஏறிக்கொண்டிருந்தான். "யோவ், எங்கய்யா ஏறுற, இறங்கு." "இரும்வே, வெள்ளையா ஏதோ தெரியுது." "இறங்குய்யா!" பாறை நனைந்திருந்தது. அவன் செருப்பின் அடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. இங்கே வெள்ளையாக என்ன தெரிந்தாலும் அது இல்லை, இல்லாத ஒன்றுக்காக ஏறுகிறான், இப்போது விழுந்தால், இப்போது அவன் விழுந்தால் என்று நினைக்கும்போதே அவன் கை ஒரு புதரைப் பிடித்தது, புதர் ஆடியது. பெரியநாயகம் ஓடினார். எழுபத்து நாலு வயதில் ஓடினார். அடியில் போய் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார், எண்பது கிலோ ஆளை ஏந்தப் போகிறவர் மாதிரி.

"வே! ஆம்பிட்டுட்டு வே!" குரல் உடைந்து வந்தது. "ஆம்பிட்டுட்டு! பஞ்சு இலை! குல்லாய்ப் பூ!" பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து சறுக்கி இறங்கினான், கையில் ஒரே ஒரு கிளை, வேரைத் தொடவில்லை, கிளை மட்டும். கீழே வந்து அந்தக் கிளையைப் பெரியநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தான், திருநீறு வைக்கிற மாதிரி. நெஞ்சு ஏறி இறங்கியது. உதட்டோரம் நீலம். "நீர் பாரும். எனக்குக் கண்ணுல புரை, லென்ஸ்ல பல்லு எண்ண முடியல. நீர் பாத்துச் சொன்னாப் போதும். நீர் சொன்னா அதான் கணக்கு." பெரியநாயகம் கழுத்தில் தொங்கிய லென்ஸை எடுத்தார். பூ லென்ஸுக்குள் வருவதும் போவதுமாக இருந்தது. தண்டு நாலு விளிம்பு. கிண்ணத்தைத் திருப்பினார். நேரான வாய். சாதா மலைத்தும்பை, இந்தப் பக்கம் ஆயிரம் கிடக்கிற சாதா. தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு கணம் அந்த வாய் சாய்ந்துவிடாதா என்று பார்த்தார், சாய், சாய்ந்து தொலை. "என்ன வே? வாயத் தொறயும்." அதேதான் என்று சொல். ஒரே சொல். நீ சொன்னால் அதுதான் கணக்கு. திங்கட்கிழமை பாரத்தில் டிக் விழாது, அவன் சிரித்துக்கொண்டே இறங்குவான், வெள்ளத்தாயி கடையில் வடை வாங்கிக் கொடுப்பான், நிம்மதியாகச் சாவான், நீயும் சாவாய். எதிர் மலையில் எஞ்சின் உறுமி, நின்று, மறுபடி உறுமியது. முதல் பொய் அவன் ஊரில் இல்லாதபோது சொன்னது. இது அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. புரை விழுந்த அந்தக் கண் இரண்டும் சின்னப்பிள்ளைக் கண் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்லை" என்றார். "நல்லா பாரும்." "இல்லைய்யா. சாதா." தங்கையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, பிறகு தானாகவே தேற்றிக்கொண்டது, அதுதான் தாங்க முடியவில்லை. "சரி, போவுது. சாதா இருக்க எடத்துல அவளும் இருப்பா. மேல போவோம்." "மேலயும் இல்லை." "பாக்காம எப்பிடி வே சொல்லுதீரு?" "இந்த மலையிலயே இல்லை." பெரியநாயகம் மூச்சை இழுத்துக்கொண்டார். "என்னைக்குமே இல்லை." முள் வெளியே வந்துவிட்டது. வந்த பிறகும் தொண்டை வலித்தது. தங்கையா கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, "என்னது?" என்றான். "உன் மலை. தூவானமேடு. உங்கப்பா தவறினப்ப பேப்பர் மாத்தப் போனேன்ல. அங்கதான் எடுத்தேன். சீட்டுல என் மலையப் போட்டேன்." அவ்வளவுதான். நாற்பத்தேழு வருசம் இவ்வளவுதான் நீளம், ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. தங்கையாவின் கை சட்டைப் பைக்குப் போனது. பெரியநாயகத்தின் உயிர் அந்தக் கையோடு போனது. மாத்திரையா. தண்ணீர் பாட்டில் எங்கே, கீழே வைத்தேனா, மூடி எந்தப் பக்கம் திருகும். கை வெளியே வந்தது, கைக்குட்டை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எங்கன?" "ஓடைக்கு மேல. வழுக்குப்பாறைக்குப் பின்னாடி." கைக்குட்டை நின்றது. யாரிடமோ சொல்கிற மாதிரி, "அங்கன நான் போவல" என்றான். "அட்டை. அந்தப் பாறைக்குப் பின்னால கொத்துக் கொத்தா ரத்தம் குடிக்குத அட்டை. மூணு வருசமும் அந்தப் பக்கம் போவல. போனேன்னு எழுதிட்டேன். மேட்டுல ஒரு எடம் விடாமப் பாத்தேன்னு புஸ்தகத்துல மொத பக்கத்துலயே எழுதிட்டேன்." பெரியநாயகத்தின் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கியது, பாரம் பாதியானது மாதிரி. "அப்ப ரெண்டு பேருமே..." என்று ஆரம்பித்தார். "வாய மூடும்!" பாறையில் பட்டுத் திரும்பியது அந்தக் குரல். நாற்பத்தேழு வருசத்தில் கேட்காத குரல். "ரெண்டும் ஒண்ணாவே? நான் அட்டைக்குப் பயந்தேன். ஒருத்தனையும் வேற மலையில ஏத்தி விட்டுட்டுக் கீழ நின்னு பாக்கல. எங்கப்பன் பொணத்துக்கு நான் நெருப்பு வச்சுட்டு நிக்கேன், நீரு எம் பிரஸ்ஸுக்குள்ள திருடி வச்சிருக்கீரு. எம் பேப்பர்ல!" மூச்சு முட்டியது. நின்றான். "இப்ப இருக்கா?" "ஆறு வருசத்துக்கு முன்ன பதினொண்ணு." "அப்ப போயிருக்கீரு." "ம்." "எத்தன தடவ?" "நாலு." "நான் இங்கன ஏறிக்கிட்டுக் கெடந்தேன். நீரு ஒத்தையில அங்கன போயிப் பாத்துட்டு வந்திருக்கீரு." கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம், கால் போனதைக் கேட்டிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். தனியாகப் போய்ப் பார்த்தாயே என்று கேட்கிறான்.

தங்கையா குனிந்து தடியை எடுத்தான். பெரியநாயகம் எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினார், அந்தக் கை காற்றில் நின்றது. "நாளைக்குத் தூவானமேடு. ஏழு மணி பஸ்ஸு. எடம் காட்ட நீரு வரணும். எம் பக்கத்துல உக்காரப்படாது. திங்கக்கிழமை ரிசார்ட்டுக்கு அனுமதி குடுத்த அந்த ஆபீசுக்கும் வரணும், உம்ம கையால எழுதிக் குடுக்கணும், அட்டைச் சமாச்சாரத்த எங் கையால நான் எழுதிக் குடுக்கேன்." இரண்டடி வைத்துவிட்டு நின்றான். "பின்னால வாரும். கூட வரப்படாது." இறங்க ஆரம்பித்தான். தடி, நல்ல கால், கெட்ட கால். பெரியநாயகம் இருபதடி விட்டுத் தொடர்ந்தார். அவன் நின்றால் நின்றார். இறக்கம் ஏற்றத்தை விடப் பொல்லாதது, ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கெட்ட கால் வெளிப்பக்கமாக வழுக்கியது, ஒவ்வொரு வழுக்கலுக்கும் இருபதடிக்குப் பின்னால் ஒரு கை தானாக நீண்டது, மடங்கியது. பிடிக்க உரிமை இல்லாத கை. சொன்னால் லேசாகும் என்றார்கள், யார் சொன்னார்கள், ஒரு மயிரும் லேசாகவில்லை. ஒரு ஈரப் பாறைக்கு மேலே தங்கையா நின்றுவிட்டான். இறங்கத் தடம் தெரியவில்லை போல, தடியால் இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தான். கூப்பிடவில்லை. பெரியநாயகமும் போகவில்லை. எதிர் மலையில் எஞ்சின் ஓய்ந்திருந்தது, சாப்பாட்டு நேரமோ என்னவோ. பிறகு, திரும்பாமல், தோளைக் கூடத் திருப்பாமல் அவன் கேட்டான்:

"அதுக்கு வாசம் உண்டா?"

பெரியநாயகத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் கரித்தது. ஏழு தாளையும் பார்த்திருக்கிறான், நூறு தடவை பார்த்திருக்கிறான், பல்லை எண்ணியிருக்கிறான், ரோமத்தை அளந்திருக்கிறான். காய்ந்த செடிக்கு வாசம் இல்லை. அதை மட்டும் யாரும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை.

"உண்டு" என்றார். போதாது என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு இருபதடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். "தும்பை நெடி கிடையாது. நாரத்தை இலையக் கசக்கின மாதிரி. மோந்து முடிச்சப்புறம் அடியில கொஞ்சம் மண்ணெண்ணெய்." தங்கையா அசையவில்லை. "காலையில இருக்காது. வெயில் பட்டாத்தான் வரும். பூவுல இல்லை, இலையில. கையில பட்டா ராத்திரி சோறு திங்கிற வரைக்கும் போகாது." தடி கீழே ஒரு தடத்தைக் கண்டுபிடித்தது. நல்ல கால் இறங்கியது. "ஒரு சின்ன ஈ வரும். தேனீ இல்லை, ஈ. பச்சையா இருக்கும். அது மட்டுந்தான் உக்காரும்." கெட்ட கால் இறங்கியது. நிற்கவில்லை, திரும்பவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. பெரியநாயகம் இருபதடிக்குப் பின்னால் நடந்துகொண்டே, அடிவாரம் வரைக்கும், தொண்டை கட்டக் கட்டச் சொல்லிக்கொண்டே போனார்.